சிங்க்ரோனைசர் உள்ள கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? மதுரை வட்டார வண்டி உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள்

சரக்கு வண்டி, வேன், கார் ஆகியவற்றின் கியர் பாக்ஸுக்கு ஆயில் வாங்கும்போது மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதில் உள்ளதே முதல் பதில். அந்த ஒரு வரியின் பொருளை விளங்கிக்கொள்ளவும், அதற்கு மாறாகக் கடையிலோ பட்டறையிலோ யாராவது யோசனை சொன்னால் அதை எடைபோட்டுப் பார்க்கவும் இந்தப் பதில்கள் உதவும்.

கேள்வி: சிங்க்ரோனைசர் என்ன வேலை செய்கிறது? ஆயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கிளட்ச்சை மிதித்து இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும் அந்த நொடியில், மூன்றாம் கியரின் பல்சக்கரம் ஒரு வேகத்திலும், அதோடு இணைய வேண்டிய தண்டு வேறொரு வேகத்திலும் சுழன்றுகொண்டிருக்கும். அப்படியே பூட்டினால் பல்லோடு பல் மோதிக் கரகரக்கும். அதைத் தடுப்பதற்காகத்தான் இடையில் ஒரு வளையம் வைக்கப்பட்டிருக்கிறது. பட்டறைகளில் இதைப் பித்தளை ரிங் என்பார்கள். கியர் லீவரைத் தள்ளும்போது இந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பு வடிவப் பகுதியின்மேல் போய் அழுந்துகிறது. அந்த உராய்வினால் இரண்டின் வேகமும் ஒன்றாகிறது. ஒன்றாகும் வரை வளையத்தின் பற்கள் குறுக்கே நின்று லீவரைத் தடுத்து வைக்கின்றன. வேகம் ஒன்றானதும் வளையம் சற்றே விலகி வழிவிட, கியர் விழுகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது. அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1928ஆம் ஆண்டு இந்த அமைப்பு அறிமுகமானது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, காதால் கேட்டு வேகத்தைப் பொருத்தித்தான் கியர் போட வேண்டியிருந்தது.

கழற்றிய வளையம் ஒன்றைக் கையில் வாங்கி அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். திருகாணியின் மறையைவிட மெல்லிய கோடுகள் சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே சில வாய்க்கால்களும் இருக்கும். கூம்பின்மேல் படிந்திருக்கும் ஆயில் படலத்தை அந்தக் கோடுகள் அறுக்க, அறுபட்ட ஆயில் வாய்க்கால் வழியே வெளியேறுகிறது. அப்போதுதான் உலோகம் உலோகத்தைப் பிடிக்கும். எண்ணெய்க் கையால் செப்புக் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்க முயன்றால் எப்படி நழுவுமோ, அப்படித்தான் அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் இந்த வளையமும் நழுவும். ஆகவே கியர் பாக்ஸ் ஆயில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பற்களும் பேரிங்குகளும் தேயாமல் காக்க வேண்டும்; வளையம் கூம்பைப் பிடிக்கவும் விட வேண்டும். ஆயில் தேர்வில் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுவதால் வருபவை.

கேள்வி: ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று டப்பாவில் போட்டிருக்கிறது. ஐந்து என்பது நான்கைவிட உயர்ந்த தரம்தானே?

இந்த எண்ணம்தான் எத்தனையோ வண்டிகளின் கியர் பாக்ஸைக் கெடுத்திருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த இந்த எண்கள் தர வரிசையைக் காட்டுவதில்லை; எந்த இடத்துக்கு எந்த ஆயில் என்பதைத்தான் காட்டுகின்றன.

பின் ஹவுசிங்கில், அதாவது பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள பெட்டியில், இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். பினியனின் மையக்கோடு கிரவுனின் மையக்கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருக்கும். இதை ஹைப்பாய்டு அமைப்பு என்பார்கள். இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தில் நீளவாக்கில் தேய்த்துக்கொண்டும் போகின்றன. அந்த இடத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த அழுத்தத் தாங்கி வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். இவை சூட்டிலும் அழுத்தத்திலும் எஃகோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய படிவத்தை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அந்தப் படிவம் தேய்ந்துபோகும். ஜி.எல்.-5 இந்த வேலைக்காக அமைந்தது. அதில் இவ்வகை வேதிப்பொருட்கள் ஜி.எல்.-4இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்.

கியர் பாக்ஸுக்குள் இருப்பவை பெரும்பாலும் சாய்வுப் பல் சக்கரங்கள். அவற்றுக்கு அவ்வளவு கடுமையான தேய்ப்பு இல்லை; ஜி.எல்.-4 தாராளமாகப் போதும். அங்கே ஜி.எல்.-5 ஊற்றினால் இரண்டு விதமாகக் கேடு வரலாம். முதலாவது வேதிக் கேடு: எஃகைக் காக்கும் அதே கந்தகம், சூட்டில் செம்பும் பித்தளையும் கலந்த உலோகத்தை அரிக்கக்கூடியது. இரண்டாவது உராய்வுக் கேடு: படலம் வலுவாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் வளையம் கூம்பைப் பிடிக்க நேரமாகும், அந்த நேரத்தைப் பொறுக்காமல் ஓட்டுநர் லீவரை அழுத்தித் தள்ளுவார், கரகரவென்று சத்தம் வரும், நாளடைவில் வளையத்தின் பல் நுனிகளும் பல்சக்கரத்தின் பூட்டுப் பற்களும் மழுங்கிப்போகும்.

கேள்வி: இப்போது வரும் ஜி.எல்.-5 ஆயில் பித்தளையை அரிப்பதில்லை என்று கடையில் சொல்கிறார்களே?

அதில் ஓரளவு உண்மை உண்டு. மெருகிட்ட செப்புத் தகட்டைச் சூடான ஆயிலில் 3 மணி நேரம் மூழ்கவைத்து அதன் நிறமாற்றத்தை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. 1 என்றால் தகடு ஏறத்தாழப் புதிதாகவே இருக்கிறது. 4 என்றால் கறுத்து அரித்துவிட்டது. இன்றைய ஜி.எல்.-5 ஆயில்களில் பல, செம்பைக் காக்கும் பொருட்களும் சேர்க்கப்பட்டு, இந்தச் சோதனையில் நல்ல தரமே பெறுகின்றன. ஆனால் ஜி.எல்.-5 என்று பெயர் வாங்குவதற்கு 3ஆம் தரம் வரை அனுமதி உண்டு. அதாவது டப்பாவின்மேல் உள்ள எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அது செம்பைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரிப்பு தீர்ந்தாலும் உராய்வுப் பிரச்சினை தனியாக நிற்கிறது. செப்புத் தகடு கறுக்காமல் இருப்பதால் வளையம் நன்றாகப் பிடிக்கும் என்று ஆகிவிடாது.

ஜி.எல்.-4, ஜி.எல்.-5 இரண்டையும் ஒரே டப்பாவில் அச்சிட்டு விற்பதையும் பார்த்திருப்பீர்கள். அதில் அழுத்தத் தாங்கியின் அளவு ஜி.எல்.-5க்கு உரியதாகத்தான் இருக்க முடியும். வண்டி நிறுவனமே அந்த ஆயிலைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தால் ஊற்றலாம்; இல்லையென்றால் ஜி.எல்.-4 மட்டும் போட்ட டப்பாவையே நான் வாங்குவேன். கையேட்டிலேயே கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-5 என்று இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றின் வளையங்களும் கூம்புகளும் அந்த ஆயிலுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை, அங்கே ஜி.எல்.-4 தேட வேண்டியதில்லை. எம்.டி.-1 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது சிங்க்ரோனைசர் இல்லாத கனரக வண்டிகளின் கியர் பாக்ஸுக்கான வகை.

கேள்வி: சின்ன யானை (டாடா ஏஸ்) வைத்திருக்கிறேன். கியர் பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் டாடா ஏஸ், சரக்கும் ஆட்களும் ஏற்றும் பொலிரோ, பள்ளி வேனாக ஓடும் ஆம்னி ஆகிய மூன்றிலும் இழுவை பின்சக்கரத்தில் இருக்கிறது. இவற்றில் கியர் பாக்ஸ் முன்னால் தனியாகவும், கிரவுன் பினியன் பின்னால் ஹவுசிங்கில் தனியாகவும் இருக்கின்றன; ஆயிலும் தனித்தனிதான். ஹவுசிங்கில் உள்ள ஹைப்பாய்டு பற்களுக்கு ஜி.எல்.-5 தேவை. சிங்க்ரோனைசர் இருக்கும் கியர் பாக்ஸுக்குக் கையேடு எதைச் சொல்கிறதோ அது, பெரும்பாலும் ஜி.எல்.-4.

பட்டறையில் ஒரே 5 லிட்டர் கேனை உடைத்து இரண்டிலும் ஊற்றிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் நன்றாகவே இருக்கிறது. கேனில் இருப்பது ஜி.எல்.-5 என்றால் அடி வாங்குவது சிங்க்ரோ வளையம். ஜி.எல்.-4 என்றால் கேடு பின்னால் போகிறது: பாரம் ஏற்றிய வண்டியில் கிரவுன் பினியனின் பற்கள் கோடு விழுந்து, உறுமல் சத்தம் தொடங்கிவிடும். இரண்டும் செலவு வைக்கும் வேலைகள். வண்டியை விடும்போதே இரண்டு டப்பாக்களை வாங்கிக் கொடுத்து, எது எதற்கு என்று மார்க்கர் பேனாவால் டப்பாவின்மேல் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆல்டோ, ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற கார்களுக்கு?

இவற்றில் இழுவை முன்சக்கரத்தில் இருக்கிறது. கியர் பாக்ஸும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. என்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால் கடைசிப் பல்சக்கர ஜோடியும் சாய்வுப் பல்தான், ஹைப்பாய்டு இல்லை. டிஃபரன்ஷியல் இருக்கிறதே என்று ஜி.எல்.-5 தேட வேண்டாம். இத்தகைய சிறு கார்களின் கியர் பாக்ஸ் சுமார் 2 லிட்டர்தான் கொள்ளும். விலை பார்த்து மட்டமானதை வாங்குவதில் மிச்சமாகும் பணம் மிகக் குறைவு.

கேள்வி: மதுரை வெயிலுக்கு 90 எண் ஆயில் போதுமா, இன்னும் தடித்த 140 ஊற்றினால் நல்லதா?

கத்திரி வெயிலில் நம் ஊரில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம் என்பதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் ஓடும் கியர் பாக்ஸின் உள்ளே ஆயிலின் சூடு வெளிக்காற்றின் சூட்டைவிட மிகவும் அதிகம். கையேட்டில் சொல்லும் தடிமன் அந்தச் சூட்டை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது.

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) அளவுகோலின்படி 90 எண் கியர் ஆயிலின் பாகுநிலை, அதாவது தடிமன், 100 டிகிரி செல்சியஸில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (தடிமனை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 140 எண் ஆயிலுக்கு அது 24 முதல் 32.5 வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். அவ்வளவு தடித்த படலத்தை வளையத்தின் மெல்லிய கோடுகளால் நேரத்துக்கு அறுக்க முடியாது. கியர் விழத் தாமதமாகும். ஆயிலைக் கலக்குவதற்கே என்ஜினின் சக்தி வீணாகும். பெட்டியும் கூடுதலாகச் சூடேறும். தேய்ந்த கியர் பாக்ஸின் இரைச்சலை அமுக்குவதற்காக 140 ஊற்றி விற்பனைக்கு நிறுத்துவோர் உண்டு. பழைய வண்டி வாங்கும்போது, குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் இதையும் மனதில் வையுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். கியர் ஆயிலின் எண்ணும் என்ஜின் ஆயிலின் எண்ணும் வெவ்வேறு அளவுகோல்கள். 40 எண் என்ஜின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை வருவதால், 90 எண் கியர் ஆயில் அதைவிட இரண்டு மடங்கு தடிமன் என்று எண்ணுவது தவறு. இரண்டும் ஏறக்குறைய அக்கம்பக்கத்தில் இருப்பவை.

கேள்வி: 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 இரண்டில் எது?

டபிள்யூவுக்கு முன் உள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டுகிறது. 75 என்றால் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலும், 80 என்றால் 26 டிகிரியிலும் குறிப்பிட்ட இளக்கம் இருக்க வேண்டும். மதுரையில் அந்தக் குளிருக்கு இடமே இல்லை. சூடேறிய பின் இரண்டும் 90 எண்தான். இருந்தாலும் 75டபிள்யூ-90 பெரும்பாலும் செயற்கை அல்லது பாதிச் செயற்கை ஆயிலாக இருப்பதால், காலையில் முதல் சில கிலோமீட்டரில் கியர் இலகுவாக விழுவதும், நீண்ட ஓட்டத்தில் ஆயில் கெடாமல் இருப்பதும் அதன் நன்மைகள். கையேடு 75டபிள்யூ-90 என்றால் 80டபிள்யூ-90க்கு இறங்காதீர்கள். கையேடு 80டபிள்யூ-90 என்றால் ஜி.எல்.-4 வகை 75டபிள்யூ-90க்கு ஏறுவதில் பொதுவாகக் கெடுதல் இல்லை. 75டபிள்யூ-80 போன்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் புதிய கார்களில், நம் ஊர் வெயிலைக் காரணம் காட்டி 90 ஊற்றுவது வேண்டாத வேலை.

கேள்வி: வாரத்தில் பாதி நாள் கொடைக்கானல் ஓட்டம். வேறு ஆயில் வேண்டுமா?

வகை அதேதான், மாற்றும் இடைவெளியைத்தான் குறைக்க வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையே ஓயாமல் மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இறங்கும்போது என்ஜினால் வேகத்தைப் பிடிப்பதற்காக மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவீர்கள். அப்போது பல்சக்கரத்தின் வேகத்தை வளையம் கூட்டவேண்டியிருக்கிறது. சிங்க்ரோனைசருக்கு இதுதான் மிகக் கடினமான வேலை. ஏற்றத்தின் சூடும், மேலே இரவு தங்கும்போது வரும் குளிரும் ஒரே நாளில் வந்துபோகின்றன. சுற்றுலா வேன், காய்கறி ஏற்றும் வண்டி போன்றவற்றுக்குக் கையேட்டின் கடும் பயன்பாட்டு அட்டவணை பொருந்தும்; அந்த அட்டவணை இல்லையென்றால் வழக்கமான இடைவெளியைப் பாதியாக்குங்கள். இறக்கத்தில் லீவரை ஒரே இழுப்பாக இழுக்காமல், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தொட்டுப் பிறகு இரண்டில் போட்டால் வளையத்தின் பாரம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: கியர் விழ மறுக்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா?

எப்போது மறுக்கிறது என்பதைப் பொறுத்தது. காலையில் மட்டும் கடினமாக இருந்து, சூடேறியதும் சரியாகிவிட்டால் ஆயில் தடிமனாக இருக்கலாம். மாற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு. சூடேறிய பிறகும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும், அதிலும் வேகமாக மாற்றும்போது கரகரத்தால், அந்த வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சமீபத்தில் ஜி.எல்.-5 ஊற்றியிருந்தால் முதலில் சரியான ஆயிலுக்கு மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வளையம் இன்னும் முழுதாகத் தேயவில்லை என்றால் முன்னேற்றம் தெரியும்.

வண்டி நிற்கும்போது எல்லாக் கியரும் கடினமாக இருந்தால் என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மறுத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிள், கிளட்ச் ஆயில், பிளேட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், பூட்டுப் பற்களோ, லீவரின் அசைவை உள்ளே கடத்தும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. எந்த ஆயிலும் அதைத் தீர்க்காது. ரிவர்ஸ் மட்டும் கரகரத்தால் பதற வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோனைசரே கிடையாது. வண்டி முழுதாக நின்றபின் கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள்.

கேள்வி: கியர் மிருதுவாக விழுவதற்கென்று விற்கும் சிறு பாட்டில்களைக் கலக்கலாமா?

கலக்காதீர்கள். கிராஃபைட், மாலிப்டினம் போன்றவை உராய்வைக் குறைப்பவை. சிங்க்ரோனைசருக்கோ அளவான உராய்வு தேவை. ஹவுசிங்கில் உள்ள லிமிடெட் ஸ்லிப் என்ற சிறப்பு வகை டிஃபரன்ஷியலுக்கென வரும் வழுக்கல் பொருளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: என் காரின் கையேடு கியர் பாக்ஸுக்கு என்ஜின் ஆயில் அல்லது ஏ.டி.எஃப். (தானியங்கி கியர் பாக்ஸுக்கான ஆயில்) என்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. சில நிறுவனங்கள் அப்படித்தான் வடிவமைக்கின்றன. வளையத்தில் பித்தளைக்குப் பதில் கார்பன் போன்ற ஒட்டுப் பூச்சு இருக்கலாம். அதன் பிடிமானம் அந்த ஆயிலோடு சோதித்துப் பார்க்கப்பட்டது. கியர் பாக்ஸ் என்றாலே கியர் ஆயில்தான் என்று மெக்கானிக் வற்புறுத்தினால் கையேட்டின் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: ஆட்டோ, பைக், டிராக்டருக்கு?

பைக்கில் பெரும்பாலும் என்ஜின் ஆயிலே கியரையும் கிளட்ச்சையும் நனைக்கிறது, சிங்க்ரோனைசர் இல்லை. ஆட்டோவிலும் பொதுவாக இல்லை. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரில் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில் இருக்கும். அதற்கென்று குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறு 90 எண் ஆயிலை ஊற்றினால் பிரேக் கெடும்.

கேள்வி: கடையில் எப்படிக் கேட்பது? பேரலில் இருந்து அளந்து தரும் ஆயில் பரவாயில்லையா?

தொண்ணூறு ஆயில் ஒரு லிட்டர் என்று மட்டும் கேட்டால் தடிமனை மட்டும்தான் சொன்னீர்கள், வகையைச் சொல்லவில்லை. கையில் வருவது ஜி.எல்.-5 ஆகவும் இருக்கலாம். 80டபிள்யூ-90, ஜி.எல்.-4 என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கைப்பேசியில் கையேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பேச்சே வேண்டியதில்லை. பேரல் ஆயிலில் வகை எது, திறந்து எவ்வளவு நாளாயிற்று என்று அறிய வழியில்லை. சீல் உடையாத டப்பாவே நல்லது.

கேள்வி: மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள ஊற்றும் பிளக். துருவேறி அது திறக்காமல் போனால், கீழே வடித்துவிட்ட வண்டி அங்கேயே நின்றுவிடும். கீழ்ப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் எஃகுச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதை வடித்த ஆயிலில்தான் தேட வேண்டும். அகலமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பொன்னிறத் துகள்கள் மின்னினால் வளையம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். சிறிதளவு மினுமினுப்பு வயதான வண்டியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அது கூடிக்கொண்டே போவதுதான் எச்சரிக்கை. அதனால் கிலோமீட்டரோடு சேர்த்து இதையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். புதிய வாஷர் போட்டுக் கீழ்ப் பிளக்கை மூடி, பெரும்பாலான பெட்டிகளில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் மெல்ல வழியத் தொடங்கும் வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் திணித்தால் நுரை கட்டும். சீல் வழியாகக் கசியும்.

கேள்வி: மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை விட்டுவிட்டேன். கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்குமா?

போயிருக்கலாம். பெட்டியின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. சூடான பெட்டி தண்ணீருக்குள் இறங்கி திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீரில் போயிருந்தால், மறுநாளே ஊற்றும் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் உடனே வடித்துப் புதிது ஊற்றி, 100 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு, அதையும் வடித்து மீண்டும் ஊற்ற வேண்டும். பின் இழுவை வண்டியாக இருந்தால் ஹவுசிங்கையும் இதேபோல் திறந்து பார்த்துவிடுங்கள்.